ஆவணத் தொகுப்பும் ஊர் வரலாறும்: கொல்கத்தா வரலாற்றாளர் பி. தங்கப்பன் நாயரின் வாழ்வும் பணியும்

முன்னுரை

ஊர் வரலாறு எழுதப் புகுவோர்க்கு முதற்கண் வேண்டுவது சான்று. அச்சான்று ஓரிடத்தில் ஒழுங்குபடுத்தப்பட்டுக் கிடைப்பது அரிது. கல்வெட்டு ஓரிடத்தும், ஓலை ஓரிடத்தும், அரசு ஆவணம் மற்றோரிடத்தும், பயணியர் குறிப்பு அயல்நாட்டு நூலகத்தும் கிடக்க, அவற்றைத் தேடித் தொகுப்பதிலேயே ஆய்வாளர் ஒருவரின் வாழ்நாள் கழிந்துவிடுவதுண்டு. அவ்வாறு கழிந்த வாழ்நாளை வரலாற்றுப் பணி என ஏற்பதா, வரலாறு எழுதுவோர்க்கு உதவும் கைப்பணி என ஒதுக்குவதா என்னும் வினா ஆய்வுலகில் இன்னும் தீர்ந்தபாடில்லை. தமிழாய்வில் பதிப்பாசிரியர்க்குக் கிடைத்த மதிப்பு, ஊர் ஆவணங்களைத் தொகுத்தோர்க்குக் கிடைத்ததில்லை என்பதும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது.

இவ்வினாவுக்கு விடை காண உதவும் ஒரு வாழ்க்கை பி. தங்கப்பன் நாயருடையது (1933–2024). கேரளத்தில் பிறந்து, கொல்கத்தாவில் 63 ஆண்டுகள் வாழ்ந்து, அந்நகர் பற்றியும் பிற பொருள்கள் பற்றியும் அறுபதுக்கு மேற்பட்ட நூல்களை ஆங்கிலத்தில் எழுதியும் தொகுத்தும் வெளியிட்டவர் அவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியோ ஆவணக் காப்பகப் பதவியோ வகித்தவர் அல்லர். 'வெறுங்கால் வரலாற்றாளர்' என்று அந்நகர மக்கள் அவரைக் குறிப்பிட்டனர். அவருடைய வாழ்வையும் ஆய்வு நெறியையும் அறிமுகப்படுத்தி, அவற்றின் பயனையும் எல்லையையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றுகள் சிதறிய நகரம்

நாயரின் பணியை மதிப்பிடுவதற்கு முன், கொல்கத்தாவின் வரலாற்றுச் சான்றுகள் எங்கெங்கே இருந்தன என்பதை அறிதல் வேண்டும். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவர் ஜாப் சார்னாக் 1690 ஆகஸ்ட் 24ஆம் நாள் சுதாநுதியில் வந்திறங்கினார். 1698இல் சுதாநுதி, கோவிந்தபூர், காலிகட்டா ஆகிய மூன்று ஊர்களின் வரி தண்டும் உரிமையைச் சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்தாரிடமிருந்து கம்பெனி பெற்றது. அக்காலத்தில் வங்காளத்துக் கம்பெனி அலுவலர்கள் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கட்டுப்பட்டிருந்தனர். 1700ஆம் ஆண்டிலேயே வங்காளம் தனி மாகாணமாயிற்று. ஆகவே நகரின் தொடக்க ஆண்டுகளை அறிய விரும்புவோர் சென்னை ஆவணங்களையும் இலண்டன் ஆவணங்களையும் நாட வேண்டியிருந்தது.

பிற்கால ஆவணங்களின் நிலையும் இதுவே. இந்திய அரசின் ஆவணத்துறை 1891இல் கொல்கத்தாவில்தான் தொடங்கப்பெற்றது. 1911இல் தலைநகர் தில்லிக்கு மாற்றப்படவே, அடுத்து வந்த ஆண்டுகளில் ஆவணங்களும் தில்லி சென்றன. நகரம் தன் வரலாற்றுச் சான்றுகளில் பெரும்பகுதியைப் பிற ஊர்களுக்குக் கொடுத்துவிட்டு நின்றது எனலாம். அங்கே எஞ்சியவை மாநில ஆவணங்கள், உயர் நீதிமன்ற ஆவணங்கள், மாநகராட்சி ஆவணங்கள், ஏசியாட்டிக் சங்கத்தின் சுவடிகள், தேசிய நூலகத்தின் அச்சு நூல்கள் முதலியன.

இவற்றைக்கொண்டு நகர வரலாறு எழுதும் மரபு நாயருக்கு முன்பே இருந்தது. பாதிரியார் ஜேம்ஸ் லாங், அச்சேறாத அரசு ஆவணங்களிலிருந்து தெரிந்தெடுத்தவற்றை 1869இல் வெளியிட்டார். சி. ஆர். வில்சன் கம்பெனியின் தொடக்கக் கால ஆவணங்களைத் தொகுத்தார். 1902இல் ஏ. கே. ராயின் சுருக்க வரலாறும், 1907இல் காட்டனின் நூலும், 1915இல் ஹரிசாதன் முகோபாத்யாயரின் வங்க மொழி நூலும் வெளிவந்தன. பின்னர் பினய் கோஷ் சமூகவியல் நோக்கில் நகர வரலாற்றை வங்க மொழியில் எழுதினார். நாயர் இம்மரபில் லாங், வில்சன் ஆகியோரின் கிளையைச் சார்ந்தவர். கதை சொல்வதினும் சான்றை முன்வைப்பதே அக்கிளையின் இயல்பு.

வாழ்க்கைக் குறிப்பு

தங்கப்பன் நாயர் இன்றைய எர்ணாகுளம் மாவட்டத்தில் காலடிக்கு அண்மையிலுள்ள மஞ்ஞப்ராவில் 1933இல் பிறந்தார். 1955இல், 22ஆம் வயதில், வேலை தேடிக் கொல்கத்தா வந்தார். அவர் கைக்கொண்டு வந்த தொழில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் ஆகும். அத்தலைமுறையில் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வடக்கே சென்ற இளைஞர் பலருக்கு வாழ்வளித்த தொழில் அதுவே. அலுவலகப் பணிகளிலும் பின்னர் இதழியலிலும் ஈடுபட்ட அவர், நாளடைவில் முழுநேர ஆய்வாளரானார்.

அவர் வந்த காலமும் கருதத்தக்கது. பழைய இம்பீரியல் நூலகம் 1948இல் தேசிய நூலகமாகி, அலிப்பூர் பெல்வெடர் மாளிகையில் 1953இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டிருந்தது. பட்டமோ பதவியோ கேளாமல் எவரையும் உள்ளே அமரச்செய்யும் ஒரு பெருநூலகம், வருவாய் குறைந்த ஓர் இளைஞருக்கு நடந்தே செல்லும் தொலைவில் அமைந்தது. நாயர் என்னும் வரலாற்றாளர் உருவானமைக்கு அவருடைய உழைப்பு ஒரு காரணம் எனின், பொதுநூலகம் என்னும் அமைப்பு மற்றொரு காரணம் எனல் மிகையன்று. அந்நூலகத்தின் முன்வரலாற்றை, அதாவது 1836இல் தோன்றிய கல்கத்தா பொது நூலகத்தின் வரலாற்றை, அவரே 2004இல் தனி நூலாக்கினார். கற்ற இடத்திற்குச் செலுத்திய கடனாக அந்நூலைக் கொள்ளலாம்.

பவானிப்பூரில் காஞ்சாரிபாடா சந்தில் ஒரு சிறிய வாடகை வீட்டில் அவர் வாழ்ந்தார். குடும்பம் கேரளத்தில் இருக்க, அவர் பெரும்பாலும் தனித்தே தங்கியிருந்தார். கணினியோ தொலைபேசியோ வைத்துக்கொள்ளாமல், பழைய ரெமிங்டன் தட்டச்சுப் பொறியில் தம் நூல்களைத் தாமே தட்டெழுதினார். பிழைப்புக்காகக் கற்ற தட்டச்சு ஆய்வுக் கருவியாயிற்று. ஒளிப்படி எடுக்கும் வசதி பரவாத காலத்தில், நூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகப் படியெடுப்போருக்கு விரைந்தெழுதும் பயிற்சி எத்துணைத் துணை செய்யும் என்பது சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர்க்கு விளங்கும்.

2018 நவம்பரில் அவர் கொல்கத்தாவை விட்டுக் கேரளம் திரும்பினார். 2024 ஜூன் 18ஆம் நாள் அங்கே காலமானார்.

தொகுப்பு நெறி

நாயரின் நகர வரலாற்று நூல்களை மூவகைப்படுத்தலாம். முதல்வகை, மூலச் சான்றுகளின் தொகுப்பு. கொல்கத்தா பற்றிப் பதினேழாம், பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளையும் பிற எழுத்துகளையும் திரட்டி, முன்னுரையும் குறிப்பும் சேர்த்து 1980களில் நூற்றாண்டு வாரியாக அவர் வெளியிட்ட நூல்கள் இவ்வகையின. ஏசியாட்டிக் சங்கத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளில் சில தொகுதிகளைப் பதிப்பித்ததும் இதனுள் அடங்கும்.

இரண்டாம் வகை, நோக்கு நூல். 1987இல் வெளிவந்த கல்கத்தாத் தெருக்களின் வரலாறும், நகரின் முந்நூறாண்டு நிறைவையொட்டி அவர் தொகுத்த நூலடைவும் இவ்வகையைச் சார்ந்தன. மூன்றாம் வகை, தனிப்பொருள் நூல். சார்னாக், ஜேம்ஸ் பிரின்செப் ஆகியோரின் வாழ்க்கை, நகரின் தொடக்க கால அச்சும் இதழும், காவல்துறை முதலிய பொருள்களில் அவர் எழுதியவை இங்கே சேரும்.

இம்மூவகையிலும் அவர் கையாண்ட நெறி ஒன்றே. ஒரு செய்தியைப் பிற்கால நூலிலிருந்து எடுக்காமல், அது முதன்முதல் பதிவான இடத்தைத் தேடுதல். கண்டதை இயன்றவரை மூலத்தின் சொல்லிலேயே தருதல். முடிவு கூறுவதைக் காட்டிலும் படிப்போர் முடிவு காண்பதற்கான பொருளைக் குவித்தல் என அந்நெறியைச் சுருக்கிக் கூறலாம். அவருடைய நூல்கள் பருத்திருப்பதற்கும், தொடர்ந்து படிப்போரைச் சில வேளை களைப்படையச் செய்வதற்கும் இதுவே காரணம். எனினும், மூலநூல் எளிதிற் கிட்டாத ஆய்வாளர்க்கு அப்பருமனே பயன் தருவது.

தெருப்பெயர் என்னும் ஆவணம்

அவர் நூல்களுள் தமிழாய்வாளர் தனித்து நோக்கத்தக்கது தெருக்களின் வரலாறு பற்றிய பெருநூலாகும். தமிழகத்தில் ஊர்ப்பெயராய்வு ரா. பி. சேதுப்பிள்ளை முதலியோரால் வளம்பெற்றது. தெருப்பெயராய்வோ அந்த அளவுக்கு வளரவில்லை. ஊர்ப்பெயர் நெடுங்காலம் நிலைப்பது. தெருப்பெயரோ ஆட்சியும் தொழிலும் மாறுந்தோறும் மாறுவது. அம்மாற்றமே அதனை ஆவணமாக்குகிறது.

கொல்கத்தாவின் பழைய பகுதிகள் பல தொழிற்பெயர் கொண்டவை. குமார்துலி என்பது குயவர் குடியிருப்பு. கொலுதோலா என்பது எண்ணெய் ஆட்டுவோர் பகுதி. நாயர் வாழ்ந்த காஞ்சாரிபாடா என்பது வெண்கலத் தொழில் செய்யும் கன்னார் வாழ்ந்த இடம். கம்மாளர் தெரு, குயவர் பாளையம் எனத் தமிழ்நாட்டு ஊர்களில் வழங்கும் பெயர்களோடு இவை ஒப்பிடத்தக்கன. இப்பெயர்களின் மேல் ஆங்கில ஆட்சியாளர் பெயர்கள் படிந்தன. விடுதலைக்குப் பின் அவற்றின் மேல் மற்றோர் அடுக்குப் படிந்தது. கிளைவ் தெரு நேதாஜி சுபாஷ் சாலையாயிற்று. டல்ஹௌசி சதுக்கம், விடுதலைப் போரில் உயிர்நீத்த வினய், பாதல், தினேஷ் மூவரின் நினைவாக வி.பா.தி. பாக் எனப் பெயர் பெற்றது. ஹாரிங்டன் தெரு ஹோ சி மின் பெயரைத் தாங்கிற்று.

பெயர் மாற்றம் சரியா தவறா என்பது அரசியல் வினா. மாற்றப்பட்ட பெயர் எங்கேனும் பதிவாகியிருத்தல் வேண்டும் என்பது வரலாற்று வினா. பழைய கடிதத்திலோ வழக்காவணத்திலோ ஒரு தெருப்பெயரைக் காணும் ஆய்வாளர், அது இன்று எது என அறியாவிடின் அவ்வாவணம் பாதி ஊமையாகிவிடும். நாயரின் தெரு நூல் இவ்வூமைத்தன்மையைப் போக்கும் திறவுகோலாகப் பயன்படுவது.

சார்னாக் வழக்கு: சான்றின் எல்லை

நாயர் 1977இல் வெளியிட்ட நூலின் தலைப்பே சார்னாக்கை 'கல்கத்தாவை நிறுவியவர்' எனக் குறிக்கிறது. இக்கருத்து பின்னர் வழக்குக்கு உள்ளாயிற்று. சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்தார் தொடுத்த பொதுநல வழக்கில், வரலாற்றறிஞர் குழுவின் அறிக்கையைப் பெற்று, கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. நகரை நிறுவியவர் எனச் சார்னாக்கைக் கொள்வதற்கில்லை. ஆகஸ்ட் 24 நகரின் பிறந்தநாளும் அன்று என்பது தீர்ப்பின் சாரம். சார்னாக் வருவதற்கு முன்பே அங்கு ஊர்களும் வணிகமும் இருந்தன. அக்பர் காலத்து அயினி அக்பரியிலேயே அப்பகுதியின் பெயர் காணப்படுகிறது.

இவ்வழக்கில் மோதியவை இருவகைச் சான்றுகள் எனலாம். ஒன்று கம்பெனியின் நாட்குறிப்பு. நாள், பொழுது, ஆள் எனத் துல்லியமாகப் பேசுவது. மற்றொன்று ஊர்ப்பெயர், நில உரிமை, வழிபாடு, இலக்கியக் குறிப்பு ஆகியவற்றின் தொகுதி. நீண்ட காலத்தைக் காட்டுவது, ஆனால் ஒரு நாளைச் சுட்டாதது. நாள் குறித்த ஆவணம் கையிலிருப்போர் அந்நாளையே தொடக்கமாகக் கொள்ள நேர்கிறது. இது நாயர் ஒருவரின் குறையன்று. கம்பெனி ஆவணங்களை முதன்மைப்படுத்தும் நெறியிலேயே பொதிந்துள்ள குறை.

சென்னை பற்றிய ஆய்விலும் இச்சிக்கல் உண்டு. 1639 ஆகஸ்ட் 22ஆம் நாள் சென்னை நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. ஆனால் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்குப் பன்னூறு ஆண்டு முற்பட்டவை என்பதற்கு இலக்கியமும், திருவல்லிக்கேணிக் கோயிலில் உள்ள பல்லவன் தந்திவர்மன் காலக் கல்வெட்டும் சான்று பகர்கின்றன. கோட்டையின் தொடக்கத்தையும் ஊரின் தொடக்கத்தையும் வேறுபடுத்திப் பார்த்தல் இரு நகர ஆய்வுக்கும் பொதுவான தேவையாகும்.

இவ்விரு நகர்களின் உறவுக்குச் சார்னாக்கின் வாழ்வும் கல்லறையும் சான்றாகின்றன. வங்காளத்தைவிட்டு வெளியேற நேர்ந்தபோது அவர் சென்னையில் தங்கியிருந்தார். அவருடைய மகளிர் 1689இல் கோட்டைப் புனித மரியன்னை ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றனர். கொல்கத்தாப் புனித யோவான் ஆலய வளாகத்திலுள்ள அவர் கல்லறைக் கல் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்துப் பாறையினது. அப்பாறை வகைக்கு 1893இல் நிலவியலார் தாமஸ் ஹாலண்ட் 'சார்னாக்கைட்' எனப் பெயரிட்டார். அங்குள்ள கல்லின் மூலத்தை இங்கே தேட வேண்டியிருப்பதுபோலவே, அந்நகரின் முதற்சான்றுகளிலும் ஒரு பகுதியை இங்கே தேட வேண்டியுள்ளது.

தென்னிந்தியர் வரலாறும் மொழியின் எல்லையும்

2004இல் நாயர் வெளியிட்ட 'கொல்கத்தாவில் தென்னிந்தியர்' என்னும் பொருள்பட்ட நூல் தமிழாய்வாளர்க்கு நேரடித் தொடர்புடையது. புலம்பெயர்வு குறித்த தமிழாய்வுகள் இலங்கை, மலேசியா, பர்மா, தென்னாப்பிரிக்கா எனக் கடல் கடந்த நாடுகளையே மிகுதியும் நோக்கின. இந்திய நகரங்களுக்குள் குடிபெயர்ந்த தமிழர் பற்றிய ஆய்வு குறைவு. 1907இல் கணக்குத்துறை அலுவலராகக் கொல்கத்தா சென்று, 1917இல் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, 1928இல் அங்கேயே தம் கண்டுபிடிப்பை நிகழ்த்திய சி. வி. இராமன் போன்ற சிலரின் வரலாறு அறியப்பட்ட அளவுக்கு, லேக் மார்க்கெட் பகுதியில் குடியேறி அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் வாழ்ந்த நடுத்தரக் குடும்பங்களின் வரலாறு அறியப்படவில்லை. அவ்வெழுத்தர் கூட்டத்திலிருந்தே தோன்றிய ஒருவர் அவர்தம் வரலாற்றை எழுத முற்பட்டது பொருத்தமுடையது.

எனினும் நாயரின் பணிக்கு எல்லைகள் உண்டு. அவர் சான்றுகளில் ஆங்கில ஆவணங்களின் பங்கே மிகுதி. ஆகவே அவர் காட்டும் நகரம் பெரும்பாலும் ஆங்கிலேயர் கண்ட நகரமாக உள்ளது. வங்க மொழி அச்சு நூல்கள், குடும்ப ஆவணங்கள், வாய்மொழி வழக்குகள் ஆகியவற்றிலிருந்து எழும் நகரத்தை வங்க மொழியில் எழுதியோரிடமே காணவேண்டும். அடிநிலை மக்களின் வாழ்வு, ஆவணம் அவர்களைக் குறிப்பிடும்போது மட்டுமே தலைகாட்டுகிறது. ஆனால் இவ்வெல்லையைச் சுட்டி அவர் பணியைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. தொகுத்தவரின் சான்றைக் கொண்டே தொகுத்தவரின் முடிவை மறுக்க இயல்வது நல்ல தொகுப்புக்கு இலக்கணமாகும்.

தொகுப்பின் பின்வாழ்வு

தனியொருவர் திரட்டிய நூலும் ஆவணமும் அவருக்குப் பின் என்னாகும் என்பது ஆய்வுலகின் நீங்காத கவலை. நாயர் தாம் திரட்டிய ஏறத்தாழ மூவாயிரம் அரிய நூல்களைத் தம் வாழ்நாளிலேயே கல்கத்தா மாநகராட்சிக்கு அளித்தார். அவை 1813இல் கட்டிமுடிக்கப்பட்ட டவுன் ஹாலில் இடம்பெற்றன. நகரிலிருந்து திரட்டப்பட்டது நகருக்கே சென்றது.

தமிழ் தொடர்பான மூன்று தொகுப்புகளின் கதையை இதனோடு ஒப்பிடலாம். காலின் மெக்கன்சி தென்னாட்டில் காவலி சகோதரர் முதலிய உதவியாளரைக் கொண்டு திரட்டிய சுவடிகள், அவர் இந்தியத் தலைமை நில அளவையாளராகக் கொல்கத்தா சென்றபோது உடன் சென்றன. அவர் 1821இல் மறைந்தபின் அரசு அவற்றை விலைக்கு வாங்கியது. வில்சன் 1828இல் அவற்றுக்கு அட்டவணை வெளியிட்டார். அதன்பின் தென்னாட்டு மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பி, இன்று அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளையின் நூல் தொகுதியோ எதிர்த்திசையில் பயணம் செய்து கொல்கத்தா தேசிய நூலகத்தில் தனித்தொகுதியாக உள்ளது. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களும் இதழ்களும் 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் வாங்கப்பெற்று, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன.

இந்நான்கும் பிழைத்த தொகுப்புகள். ஒவ்வொன்றும் பிழைத்ததற்கு ஒரு நிறுவனம் உரிய காலத்தில் முன்வந்ததே காரணம். அவ்வாறு எவரும் முன்வராமையால் பழைய தாள் கடைக்குச் சென்ற ஊர்ப்புற ஆசிரியர்களின் சேகரிப்புகள் எத்தனை என்பதற்குக் கணக்கில்லை. அழிந்ததற்கு அட்டவணை இராது.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் சில கருத்துகள் புலனாகின்றன. ஆவணத் தொகுப்பு வரலாற்றுக்கு முன்னிலைப் பணி மட்டுமன்று. எதைத் தேடுவது, எதைச் சேர்ப்பது, எவ்வரிசையில் வைப்பது என்னும் தெரிவுகளால் அதுவே ஒரு வரலாற்றுப் பணியாகிறது. அத்தெரிவுகளின் எல்லையே வரலாற்றின் எல்லையாகவும் அமைந்துவிடக்கூடும் என்பதைச் சார்னாக் வழக்கு உணர்த்துகிறது. ஓர் ஊரின் வரலாற்றை அவ்வூரில் பிறந்தோரே எழுதவேண்டும் என்னும் நியதி இல்லை என்பதை நாயரின் வாழ்வு காட்டுகிறது. பள்ளியாசிரியராக இருந்துகொண்டே தமிழியல் சான்றுகளைத் திரட்டிய மயிலை சீனி. வேங்கடசாமி நமக்குக் காட்டியதுபோல, பெரும்பதவி இல்லாமையும் இப்பணிக்குத் தடையன்று. ஆயின் பொதுநூலகம் இல்லாமை தடையே.

தமிழ்த்துறைகள் இவ்விடத்துச் செய்யத்தக்கவை இரண்டு. கொல்கத்தா நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் உள்ள தமிழ் தொடர்பான சான்றுகளுக்கு முழுமையான அடைவு உருவாக்குதல் ஒன்று. தத்தம் வட்டாரத்தில் ஊர் வரலாறு திரட்டுவோரை அவர்தம் வாழ்நாளிலேயே கண்டறிந்து, அவர்களுடைய சேகரிப்புகளை நூற்பட்டியாகவேனும் பதிவு செய்தல் மற்றொன்று. கன்னார் தெருவில் ஒரு தட்டச்சுப் பொறியோடு வாழ்ந்த ஒருவர் ஒரு பெருநகருக்குத் தனியே செய்ததை, ஆசிரியரும் மாணவரும் நூலகமும் உடைய ஒரு துறை தன் மாவட்டத்திற்குச் செய்தல் அரிதன்று.